முழு நிமிடம் எண்ணுகிறவள்

ஒரு மனிதர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று, நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் யாராவது கேட்டிருந்தால், பதினெட்டு என்று சொல்லியிருப்பேன். ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. குண்டானவர், ஒல்லியானவர், உறங்குகிறவர், மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவர், எல்லோருக்கும் பதினெட்டு. என் கையெழுத்துள்ள கேஸ் ஷீட்டுகளை இன்று எடுத்துப் பார்த்தால், திருச்சி மாவட்டமே ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றாக மூச்சு விட்டதுபோலத் தெரியும்.

இதற்கு எங்கள் பாஷையில் சமைப்பது என்று பெயர். நாற்பது படுக்கைக்கு இரண்டு பயிற்சி டாக்டர்கள். எட்டு மணிக்கு சீஃப் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் தாளில் ஏறியிருக்க வேண்டும். அளந்து முடிகிற காரியமில்லை. அதனால் சமைப்போம். நான் கொஞ்சம் தேர்ந்த சமையல்காரன். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ரத்த அழுத்தத்தில் மட்டும் அங்கங்கே நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்து நான்கு என்று தாளித்துவிடுவேன்.

அவள் சமைக்க மாட்டாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று வரி வரியாகக் கேள்வி கேட்பாள். அந்தப் பரீட்சைக்கு எனக்குத் தெம்பில்லை.

உப்பிலியபுரம் பக்கம் மரவள்ளியும் சின்ன வெங்காயமும் போடுகிற குடும்பத்துப் பெண். என் வகுப்புதான். நோயாளியின் மார்பில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் நிற்பாள். எங்களில் யோக்கியமானவர்கள்கூடப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிறவர்கள்தான். ஒருநாள் நான் கேட்டேன்.

"பதினஞ்சு செகண்ட் போதும்னு ப்ரொஃபசரே சொல்றாரு. நீ என்ன அவருக்கு மேலயா?"

"மீதி நாப்பத்தஞ்சு செகண்டும் இவரு இதே மாதிரிதான் விடுவாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

படுத்திருந்தவர் லால்குடிக்காரர். "நல்லாக் கேளும்மா" என்றார். அவருக்கு நான் அன்று காலையில்தான் பதினெட்டு போட்டிருந்தேன். அவள் எண்ணியதில் இருபத்தாறு வந்தது.

அளக்க நேரமில்லாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவாள். ரவுண்ட்ஸில் சீஃப் திட்டுவார். "பாக்கல சார், அதனால எழுதல" என்பாள். யார் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "பாத்தியா, நெனச்சுக்கிட்டியா?" பேஷண்ட் சாப்பிட்டாச்சு என்றால், பாத்தியா, நெனச்சுக்கிட்டியா. பஸ் போயிடுச்சு என்றால், பாத்தியா, நெனச்சுக்கிட்டியா. மெஸ் மாஸ்டர் பெருந்தன்மையாக "சாப்பாடு எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டபோது, "சாம்பார்ல உப்பு கம்மிண்ணே, பொரியல் நேத்து உள்ளது" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் தட்டில் அப்பளம் விழவில்லை.

எங்கள் வகுப்பில் ஒருவன் தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு நூலக வாசலில் அவளை நிறுத்தி, "உன்னப் பத்தியேதான் நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொன்னான். அவள் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. "ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். அவன் தடுமாறி, "ஒரு அரை மணி நேரம் இருக்கும்" என்றான். "அப்ப பரவால்ல, படிப்பு கெடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த அறிவாளி நான்தான்.

பிறகு தொற்று வந்தது.

ஊரெல்லாம் மாடியில் நின்று எங்களுக்காகக் கைதட்டியது. அதே வாரத்தில் ஸ்ரீரங்கத்தில் அவள் குடியிருந்த மாடிப் போர்ஷனின் வீட்டுக்கார மாமி கீழே நின்றபடி கூப்பிட்டார். பொருட்களை ஏற்றிப்போக அவள் என்னை வரச் சொல்லியிருந்ததால் நானும் இருந்தேன்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. ஆத்துல அவருக்கு எண்பது வயசாறது. பெருமாள் கிருபையில எல்லாம் அடங்கினப்பறம் நீ தாராளமா வா. உன் ரூம் உனக்குத்தான்."

"எத்தனை நாள்ல அடங்கும்னு சொல்றீங்க மாமி?"

மாமி கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பதில் யாருக்குத்தான் தெரிந்தது? என் ஸ்கூட்டரில் முன்னால் பக்கெட், பின்னால் அவள், அவள் மடியில் படுக்கை. இப்படிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஹாஸ்டலுக்கு வந்தோம். வழியெல்லாம் நான் மாமியைத் திட்டிக்கொண்டே வந்தேன். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. மாமிக்கு அடுத்த தெருவில் இருந்த என் அம்மா, நான் கொரோனா வார்டில் வேலை பார்ப்பதையே யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "ஹாஸ்டல்ல ஆன்லைன் கிளாஸ்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் தனிமை என்றார்கள். நோயாளிகள் பெருகப் பெருகத் தனிமை மூன்று நாளானது. பிறகு ஒரு நாளானது. பிறகு அந்த வார்த்தையே சுற்றறிக்கைகளிலிருந்து காணாமல் போனது. கவச உடைக்குள் எல்லோரும் ஒரே உருவம் என்பதால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். நான் ஊரில் உள்ள நடிகர்கள் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு திரிந்தேன். அவள் முதுகில் அவள் பெயர்தான் இருக்கும்.

நோயாளிகளின் வீட்டுக்குத் தினமும் போன் செய்து நிலைமையைச் சொல்வது பயிற்சி டாக்டர்களின் வேலை. ஒரு ஆளுக்கு இருபது, முப்பது வீடுகள். எங்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம்: "ஸ்டேபிளா இருக்காங்க, கவலைப்படாதீங்க." இதுவும் பதினெட்டு மாதிரிதான். அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றைய ஆக்ஸிஜன் சாச்சுரேஷனைச் சொல்வாள். நேற்றையதையும் சொல்வாள். முசிறியிலிருந்து ஒருவர், "அப்பா பொழைச்சுருவாராம்மா? உள்ளதச் சொல்லும்மா" என்று கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"நேத்தைவிட இன்னிக்கு மோசங்க. நாளைக்கு எப்படி இருப்பார்னு எனக்குத் தெரியல. முடிஞ்சா இன்னிக்கே வாங்க, ஜன்னல் வழியா காட்டறேன்."

அவர் வந்தார், பார்த்தார், கையைத் தூக்கிக் காட்டினார். உள்ளேயிருந்த பெரியவரும் கையைத் தூக்கினார். மறுநாள் பெரியவர் இறந்துவிட்டார். வெளி ஆளை வார்டுப் பக்கம் வரவழைத்ததற்காக சீஃப் அவளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பேசினார். "நீ டாக்டரா, எமனோட பி.ஏ.வா?" என்று கேட்டார். சிலர் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம் என்றுதான் எழுத வேண்டும், நானும் அதில் உண்டு.

பொய் சொல்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் வராது என்பார்கள். நான் நன்றாகத் தூங்கினேன். இருபது வீட்டுக்கு உள்ளதைச் சொன்னவளுக்குத்தான் தூக்கம் போனது. யார் வீட்டில் யார் என்ன கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள், சொன்ன பிறகு அந்தப் பக்கம் எத்தனை நேரம் சத்தமில்லாமல் இருந்தது என்பதெல்லாம் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. டீக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தாள். நான் அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று நினைவில்லை. அந்த மட்டில் நிம்மதி.

அப்போதுதான் கல்லூரியில் மனநலக் குழு ஒன்று உதித்தது. வாசலில் பேனர் கட்டினார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு ஆன்லைனில் யோகா, வருகைப்பதிவு கட்டாயம். ராத்திரி டியூட்டி முடித்துப் படுக்கப்போகிறவனை எழுப்பி உட்காரவைத்து, ஆழமாக மூச்சு விடு, மனசைத் தளர்த்து என்றார்கள். ஏழு நாள் ஓய்வைப் பிடுங்கிக்கொண்டு அரை மணி நேர யோகா கொடுக்கிற கணக்கை எந்தப் படுபாவி கண்டுபிடித்தான் என்று எனக்கு இன்றும் தெரிந்துகொள்ள ஆசை.

கூடவே ஒரு படிவம். போனில் லிங்க் வரும், ரோல் நம்பர் போட்டு நிரப்ப வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா, உதவி தேவையா, வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா. நான் வகுப்பு ரெப். ஒரு மத்தியானம் அலுவலகத்து செக்‌ஷன் கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க பேட்ச்ல பாதிப் பேரு போடல. அஞ்சு மணிக்குள்ள நூறு சதவீதம் காட்டணும்ப்பா."

"சார், பாதிப் பேரு டியூட்டில இருக்காங்க. பி.பி.இ. கிட்டப் போட்டுட்டா போனை எடுக்க முடியாது."

"ரோல் நம்பர் லிஸ்ட் உன்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்னப்பா?"

அவ்வளவுதான் பேச்சு. கேன்டீனில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் முப்பது பேரை மகிழ்ச்சியாக்கினேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. சோம்பேறி நண்பனுக்குப் பத்து மணி நேரத் தூக்கம் போட்டேன். காதல் தோல்வியில் இருந்தவனை மிக்க மகிழ்ச்சி ஆக்கினேன். அவள் ரோல் நம்பர் வந்தது. எட்டு மணி நேரம். மிக்க மகிழ்ச்சி. உதவி தேவையில்லை. வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்ற இடத்தில், அவள் பார்த்தால் என் தலையில் குட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே, "எங்களை இவ்வளவு அன்போடு கவனித்துக்கொள்ளும் நிர்வாகத்துக்கு நன்றி" என்று எழுதினேன்.

நான்கு நாள் கழித்து அவள் விடுப்பு கேட்டு எழுதிக்கொடுத்தாள். வைஸ் பிரின்சிபல் மேடம் ரெப் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார். கடிதம் மேஜைமேல் இருந்தது. அவள் கேஸ் ஷீட் எழுதுவதுபோலவே எழுதியிருந்தாள். பதினாறு நாட்களாகத் தூக்கம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. கை நடுங்குகிறது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் தினமும் வருகிறது, நேற்று மூன்று முறை வந்தது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், வார்டிலிருந்து விடுவிக்கவும்.

"இதெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்றார் மேடம். "எல்லாருக்கும்தான் டயர்டா இருக்கு."

"டயர்டுன்னு எழுதலையே மேடம்."

மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பினார். "போன வாரம் நீயே போட்டிருக்க. எட்டு மணி நேரம் தூக்கம். மிக்க மகிழ்ச்சி. நன்றி வேற சொல்லியிருக்க. நாலு நாள்ல இவ்ளோ மாறுமா? டியூட்டின்னா எல்லாருக்கும்தான் பயம் வரும், அதுக்காகக் கதை கட்டக் கூடாது."

அவள் அந்த வரியைக் குனிந்து படித்தாள். "இது நான் எழுதினதில்ல" என்றாள்.

"பின்ன உன் ரோல் நம்பர்ல யாரு வந்து எழுதுவா?"

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயை மூடவே தெரியாதவன் என்று பள்ளிக்கூடத்திலிருந்து பெயரெடுத்தவன். அன்று மூடிக்கொண்டேன். சொன்னால் பயிற்சிச் சான்றிதழை நிறுத்திவைப்பார்கள் என்ற பயம். இரண்டு நாள் கழித்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம். மேடம் கடிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் மத்தியான டியூட்டிக்குப் போனாள்.

அந்த இரண்டு நாளையும் நான் ஸ்டேபிளாகக் கழித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வார்டில் சிஸ்டர் என் தோளைத் தட்டினார். "டாக்டர், அவங்க அந்த பெட்கிட்டயே ரொம்ப நேரமா நிக்கிறாங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாங்க." போய்ப் பார்த்தேன். வயதான ஒருவர். மானிட்டரை வேறு படுக்கைக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் மார்பில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு குளிர்ந்திருந்தது.

"என்ன பண்ற?"

"எண்ணுறேன்."

பக்கத்திலிருந்த தாளை எடுத்தேன். நிமிடத்துக்கு நிமிடம் நேரம் போட்டு, ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே ஒரு பூஜ்யம். ஒன்றின் கீழ் ஒன்றாக முப்பத்தெட்டு பூஜ்யம். கையெழுத்து நடுங்கியிருந்தது. எண்ணிக்கை நடுங்கவில்லை.

"வா, போலாம்."

"இரு. இன்னொரு நிமிஷம் பாத்துடறேன்."

சிஸ்டரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை வெளியே கொண்டுவந்தோம். கவச உடையைக் கழற்றிப்போட்டுவிட்டு நேராக மேடத்தின் அறைக்கு ஓடினேன். அந்தப் படிவத்தை எழுதியவன் நான்தான், அவளுடையது மட்டுமில்லை, முப்பது பேருடையதும் நான்தான் என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீ செஞ்சது தப்பு. இப்ப வந்து சொல்றது அதைவிடப் பெரிய தப்பு. ரிப்போர்ட் மேல போயாச்சு."

அன்று சாயங்காலமே அவளுக்கு விடுப்பு கிடைத்தது. ஆணையில் காரணம்: குடும்பச் சூழ்நிலை. அந்தக் குடும்பம் மறுநாள் காலையில் பைக்கில் வந்தது. அவள் அப்பா ஹாஸ்டல் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றார். பையோடு இறங்கி வந்த அவளிடம் நான் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், கேன்டீன் டீ வரைக்கும்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "எட்டு மணி நேரம்னு போட்டியே, பாத்தியா, நெனச்சுக்கிட்டியா?"

"நெனைக்கக்கூட இல்ல."

"சரி. அத அப்படியே எழுதி ஆபீஸ்ல குடு" என்றாள். வண்டியில் ஏறினாள்.

எழுதிக்கொடுத்தேன். மேடத்திடம் ஒப்புக்கொண்டதை வைத்தே என் பயிற்சியை ஒரு மாதம் நீட்டினார்கள், காரணம் ஒழுங்கீனம். அந்த நூறு சதவீதத்தைக் கேட்டவர்கள் யாருக்கும் எதுவும் நீளவில்லை. செக்‌ஷன் கிளார்க் என் கடிதத்தை வாங்கி, எந்தக் கோப்பிலும் சேர்க்காமல், மேஜை இழுப்பறையில் போட்டு மூடியதை நான் கண்ணால் பார்த்தேன். நினைத்துக்கொள்ளவில்லை.

நான்கு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள், அதை யார் கேட்டாலும் பெயரும் அளவும் சொன்னாள். மீதி டியூட்டியை முடித்தாள். கடைசியில் சான்றிதழ் வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்; இழுப்பறைக் கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். விடுப்புக்குக் காரணம் குடும்பச் சூழ்நிலை என்று அவளே கையெழுத்துப் போட வேண்டுமென்று கிளார்க் தாளை நீட்டினார். அவள் மனநல மருத்துவர் கொடுத்த சான்றிதழை நீட்டினாள்.

"இதத்தான் எழுதணும் சார். மனச்சோர்வு நோய்னு. அப்புறம் அந்தப் படிவம் நான் போட்டதில்லன்னும் எழுதணும். அதுக்கு இவன் குடுத்த லெட்டர் உங்க டிராயர்ல இருக்கு."

"ஏம்மா, விவரம் தெரியாத பொண்ணா இருக்கியே. நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வரப்ப இந்தப் பேப்பரு குறுக்க நிக்கும். உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"யாராச்சும் கேட்டா நானே சொல்லிடுவேன் சார். பேப்பர்ல வேற இருந்தா, நான் பொய் சொல்ற மாதிரி ஆயிடும்."

"இதுவரைக்கும் நம்ம காலேஜ்ல எந்தப் பிள்ளைக்கும் இப்படி எழுதினதே இல்லம்மா."

"அதுக்குத்தான் சார். எனக்கப்பறம் ஒருத்தி வந்து லீவு கேட்டா, இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லன்னு சொல்வீங்க. ஒண்ணு வந்திருக்குன்னு இருக்கட்டும்."

அலுவலக வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை. மறுநாளும். கோஷமில்லை, கண்ணீரில்லை, டிபன் டப்பாவும் தண்ணி பாட்டிலும் மட்டும். பயிற்சி முடிந்தும் அதே ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஒட்டிக்கொண்டிருந்த நான் இரண்டாம் நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தியாகம் ஒன்றுமில்லை, அங்கே மின்விசிறி நன்றாக ஓடும். "ஓ.பி. இருக்குல்ல உனக்கு, போ" என்றாள். போகவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்ன ஏது என்று கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் உள்ளதைச் சொன்னாள். அதைத்தான் அலுவலகத்தால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் மேடம் உள்ளே கூப்பிட்டு, அவள் சொன்னபடியே இரண்டு வரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

அவள் அங்கேயே நின்று இரண்டு முறை படித்துவிட்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு வந்திருப்போம், பின்னால் யாரோ வேகமாக நடந்து வருகிற சத்தம். செக்‌ஷன் கிளார்க். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் தயங்கினார், பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நீ எந்த டாக்டர்கிட்ட காட்டின? என்னைக்கெல்லாம் இருப்பாரு?"

"யாருக்கு சார்?"

"எனக்குத்தாம்மா." முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "தூக்கமே இல்ல. இப்பத்தான், ஒரு பத்து நாளா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நூறு சதவீதம் கேட்டவர், இழுப்பறையை மூடியவர். என்னைக் கேட்டிருந்தால் கண் டாக்டரின் அறை எண்ணைச் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் பையைத் திறந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்தாள்.

"சரியாச் சொல்லுங்க சார். அவங்க கேப்பாங்க. பத்து நாள்தானா?"

அவர் கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு, உதடு மட்டும் அசைய, எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார். அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"பதினோரு மாசம்மா" என்றார்.